ஒரு வீதி, இரு நாடுகள்

ஸ்லோவாக்கியாவின் கிழக்கு அந்தத்தில், தட்டையான வயல்வெளி நடுவே வெல்கே ஸ்லெமெண்ட்சே என்றொரு சிற்றூர் உண்டு. அதன் வீதிவழியே கிழக்கு நோக்கி நடப்பவர் ஓரிடத்தில் நின்று கடவுச்சீட்டைக் காட்டியாக வேண்டும். அதற்கப்பால் அதே வீதி தொடர்கிறது. மக்கள் பேசுவதும் அதே ஹங்கேரிய மொழியே. ஆயின் நாடு உக்ரெய்ன், ஊர் மலி செல்மென்ட்சி, கடிகாரமும் ஒரு மணி நேரம் முந்தி ஓடும். முன்னது பெரிய ஊர், பின்னது சின்ன ஊர் என்பதே பெயர்களின் பொருள். இரண்டும் ஒட்டிப் பிறந்து ஒன்றாய் வாழ்ந்தவை.

எல்லை என்றால் மலையோ ஆறோ இருக்கும் எனப் பள்ளியில் படித்தோம். இங்கே இரண்டுமில்லை. இருந்தது ஒரு வேலி மட்டுமே.

முதலாம் உலகப்போர் வரை ஹங்கேரிய இராச்சியத்துக்கு உட்பட்டிருந்த இப்பகுதி, 1920 ஆம் ஆண்டின் திரியனோன் உடன்படிக்கையால் செக்கோஸ்லாவாக்கியாவுக்கு உரியதாயிற்று. 1938 இல் மீண்டும் ஹங்கேரி. 1944 இல் செஞ்சேனை வந்தது. 1945 யூன் 29 இல் மொஸ்கோவும் பிராகாவும் செய்த உடன்படிக்கை கிழக்குப் பகுதியைச் சோவியத் ஒன்றியத்திடம் ஒப்படைத்தது. புதிய எல்லை இவ்வூரை இரண்டாகக் கீறியது. சின்ன ஊரிலே நெடுங்காலம் வாழ்ந்த முதியவர், 1991 இல் உக்ரெய்ன் தனிநாடானபோது, வீட்டை விட்டு அசையாமலே ஐந்தாவது நாட்டின் பிரசையானார். இதை அங்குள்ளோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எமக்குச் சிரிப்பு வரவில்லை.

பெற்றோர் ஒருபுறமும் பிள்ளைகள் மறுபுறமுமாய்ப் போயினர். காவற்படையினர் வேலியருகே பேச விடவில்லை. ஆகவே வயலில் வேலை செய்த பெண்கள், பிறப்பையும் இறப்பையும் திருமணத்தையும் பாட்டாகப் பாடி மறுபுறம் அறிவித்தனர் என ஊரார் நினைவுகூர்வர். பாட்டின் பொருள் காவலருக்கு விளங்கவில்லை. கூப்பிடு தூரத்திலுள்ள உறவினரைக் காண விரும்பியோர், விசா பெற்று, வேறோர் எல்லைக் கடவை வழியே நெடுந்தூரம் சுற்றிப் போகவேண்டியிருந்தது.

2003 இல் ஊரார் ஹங்கேரிய மரபிலான, செதுக்குவேலை நிறைந்த மரவாயில் ஒன்றை நாட்டினர். எமது ஊர்ச் சங்கடப்படலை போலக் கூரையுடன் கூடியது. அதை இரு பாதியாக்கி, ஒரு பாதியை வேலிக்கு இப்புறமும் மறுபாதியை அப்புறமும் நிறுத்தினர். 2004 இல் இவ்வூரின் முறையீடு அமெரிக்கக் காங்கிரசின் மனித உரிமைகள் குழு வரை சென்றது. 2005 டிசெம்பர் 23 இல் கடவை திறந்தது. பாதசாரிகளுக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் மட்டும்.

திறந்த கதவும் இருபாலாருக்கும் ஒன்றாய் இருக்கவில்லை. ஸ்லோவாக்கியர் விசாவின்றி அப்பால் சென்று, சின்ன ஊரில் முளைத்த கடைகளிலே உடுப்பும் சப்பாத்தும் மலிவாக வாங்கி வந்தனர். மறுபுறத்தாருக்கோ விசா தேவைப்பட்டது. 2007 டிசெம்பரில் ஸ்லோவாக்கியா ஷெங்கன் வலயத்துள் சேர்ந்ததும் நிலை மேலும் இறுகியது. பொதுவான விசா விலக்கு உக்ரெய்னியருக்கு 2017 யூன் மாதத்திலேயே கிட்டியது. விசா அலுவலக வரிசையில் நின்ற நமது வாசகருக்கு இந்த ஒருவழிக் கதவின் இயல்பை நாம் விளக்க வேண்டியதில்லை.

2022 பெப்ரவரி 24 இல் ரஷ்யப் படையெடுப்புத் தொடங்கியதும், உறவினரைக் காணத் திறந்த இச்சிறு கடவை அகதிகளின் பாதையாயிற்று. 18 முதல் 60 வயது வரையான ஆண்கள் வெளியேறுவது அப்போது தடுக்கப்பட்டிருந்தது. ஆகையால் கைப்பைகளோடு நடந்து வந்தோருள் பெரும்பாலோர் பெண்களும் சிறுவருமே. ஊருக்குள் இறங்குமுன் தமது கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பவேண்டியிருந்தது அவர்களுக்கு.