நீர்பாய்ச்சியைக் கேட்டீர்களா?

ரகசியமாகக் காக்கச் சொன்ன மந்திரத்தை இராமானுஜர் கோபுரமேறி ஊரறியச் சொன்னதாக நம்பப்படும் ஊர் திருக்கோஷ்டியூர். அந்த மாவட்டத்துப் பருவநிலை மாற்றத் திட்டம் மட்டும் கோப்புக்குள் இருக்கலாமா? மாவட்டப் பருவநிலை இயக்கத்துக்கு ஆட்சியரே தலைமை. நல்லது. யாரைக் கேட்டுத் திட்டம் போடுகிறார்கள்?

நம் சீமை வானம் பார்த்த பூமி. மேல்கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழிந்தால்தான் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர். மேலே ஓர் ஊராட்சி, கீழே இன்னொன்று. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறையிடம்; சிறியது ஊராட்சி ஒன்றியத்திடம். ஒரே ஓட்டத்துத் தண்ணீருக்கு இத்தனை எசமானர்கள்! இவர்கள் கூடிப் பேசாமல் எந்த வரத்துக்கால் சீராகும்?

எந்த மடையை எப்போது திறப்பது, வெள்ளம் எங்கே உடைக்கும் என்பதெல்லாம் நீர்பாய்ச்சிக்குத் தெரியும். தென்மாவட்டங்களில் அது பெரும்பாலும் தலித்துகளின் வேலை. கூலி, களத்து நெல். ஆயக்கட்டில் பலருக்கு ஒரு குழி நிலமும் இல்லை. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்திலோ நிலமுள்ளவருக்கே இடம்.

மிச்சமிருப்பது கிராம சபை. அங்கே பட்டா கேட்க மாட்டார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் போதும். 2025 ஜனவரி 5-இல் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோதும் கிராம சபையின் உரிமை போய்விடவில்லை. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் அது கூடும். நம் தெரு நீர்பாய்ச்சியை முன்னே உட்கார வையுங்கள். வரத்துக்கால், கலுங்கு, காலனிக்குள் புகும் வெள்ளம் மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். மாணவர்களே, வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். நகல் ஒன்று கீழ்க்கண்மாய் ஊராட்சிக்கும் போகட்டும்.