பழுப்பு அருவி, சிவந்த காடு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தின் வட பகுதியில் டாக்வாமெனான் என்று ஓர் ஆறு. சுப்பீரியர் ஏரியில் கலப்பதற்கு முன்னால் சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து, 60 மீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் அது விழுகிறது. தண்ணீரின் நிறம் பழுப்பு. சேறு கலந்த கலங்கல் இல்லை. தெளிந்த டிக்காஷன் நிறம். பாறை விளிம்பில் வளையும்போது வெளிச்சம் ஊடுருவிச் செம்பொன்னாகத் தெரிகிறது. ஓரிரு மீட்டர் இறங்கியதுமே வெளுத்துவிடுகிறது. செப்டம்பர் கடைசியில் போனால் இரு கரையிலும் மேப்பிள் மரங்கள் சிவந்தும் பிர்ச் மரங்கள் மஞ்சளாகியும் நிற்கும். பழுப்பு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று ஒரே படத்துக்குள் அடங்கும் இந்த நான்கு நிறங்களும் நான்கு விதமாக உண்டானவை. அந்த ஊர்ப் பயணத்தில் எனக்குப் பெரிய வியப்பு அதுதான்.

நானும் நண்பரும் இருட்டோடு கிளம்பி, 1957-இல் திறக்கப்பட்ட எட்டுக் கிலோமீட்டர் நீள மேக்கினா பாலத்தைத் தாண்டிப் போனோம். அருவிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தும்போதே தூறல். நண்பர் முகம் மலர்ந்துவிட்டது. “இந்த வெளிச்சத்துக்குத்தான் இவ்வளவு தூரம் வர்றது” என்று சொல்லிக்கொண்டே கேமரா முக்காலியை எடுத்தார். வெயில் இல்லாத நாளில் இலைகளின் நிறம் ஆழமாகத் தெரியும் என்பது இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கும் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதை லென்ஸின் முன்னால் திருகும் போலரைசர் என்ற வளையம் காட்டிக்கொடுக்கிறது.

ஓர் இலையிலிருந்து நம் கண்ணுக்கு இரண்டு வகை ஒளி வருகிறது. ஒன்று, மெழுகுப் பூச்சின் மேலேயே பட்டுத் திரும்பிவிடும் ஒளி. அது இலைக்குள் போகவே இல்லை. ஆகவே அதில் இலையின் நிறம் கிடையாது, வானத்தின் வெளுப்புதான் உண்டு. இன்னொன்று உள்ளே புகுந்து, செல்களுக்கிடையே பலமுறை சிதறி, நிறமிகள் விழுங்கியது போக மிச்சமாய் வெளியேறும் ஒளி. நாம் சிவப்பு என்பது இதைத்தான். முதல் வகை ஒளியின் அலைகள் பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்கின்றன. இரண்டாவது வகை எல்லாத் திசைகளிலும் அதிர்கிறது. வளையத்தைத் திருகிச் சரியான கோணத்துக்குக் கொண்டுவந்தால் முதல் வகை வடிகட்டப்பட்டுவிடும். தண்ணீரிலிருந்து திரும்பும் ஒளிக்கு இந்த விளைவு செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 53 பாகைக் கோணத்தில் உச்சத்தை எட்டும். இந்தக் கணக்கை 1815-இல் டேவிட் புரூஸ்டர் வகுத்துக் கொடுத்தார். நண்பர் என்னிடம் கேமராவைக் கொடுத்து, “மெதுவாத் திருகுங்க, நிறுத்தாதீங்க” என்றார். திரையில், நனைந்த பாறைமேல் கிடந்த மேப்பிள் இலையின் வெள்ளைப் பளபளப்பு ஓரத்திலிருந்து சுருங்கி மறைந்தது. அடியிலிருந்து நரம்புகளோடு ரத்தச் சிவப்பு எழுந்து வந்தது.

அருவியின் வெண்மைக்கு நிறமி எதுவும் காரணமில்லை. காபியை டபராவில் ஆற்றும்போது மேலே திரளும் நுரை, காபியைவிட வெளுத்துத்தானே இருக்கிறது? அதே காரணம்தான். விழும் தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு கோடிக்கணக்கான துளிகளாகவும் குமிழ்களாகவும் உடைகிறது. ஒவ்வொரு பரப்பும் எல்லா நிற ஒளியையும் சமமாகத் திருப்பி அனுப்புவதால், தண்ணீரின் சொந்த நிறம் வெளியே தெரிய வாய்ப்பே இருப்பதில்லை.

காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 15 மீட்டர் விழுந்த தண்ணீர் அடியைத் தொடும்போது நொடிக்கு 17 மீட்டர் வேகத்தில் இருக்கும். ஷட்டரை ஆயிரத்தில் ஒரு நொடி திறந்தால் அந்நேரத்தில் ஒரு துளி நகர்வது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. துளி துளியாகவே பதியும். அரை நொடி திறந்துவைத்தால் எட்டு மீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் வெறும் வெண்திரை. இரண்டையுமே மனிதக் கண்ணால் நேரில் பார்க்க முடியாது. எனக்குப் பிடித்தது பத்தில் ஒரு நொடி: பழுப்பு எங்கே முடிந்து வெள்ளை எங்கே தொடங்குகிறது என்ற எல்லை அதில்தான் அழியாமல் நிற்கிறது.

இனி இலைக்கு வருவோம். அந்த அட்சரேகையில் செப்டம்பர் கடைசியில் ஒவ்வொரு நாளும் பகல் மூன்று நிமிடத்துக்கு மேல் குறைகிறது. சென்னையில் அந்தக் குறைவு நாளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. சுருங்கும் பகலைக் கொண்டு மரம் பருவத்தை அறிகிறது. கோடை முழுக்கச் சிதைவதும் மறுபடி உருவாவதுமாக இருந்த பச்சையத்தை இனி உருவாக்குவதில்லை. இருப்பதையும் நிறமற்ற பொருள்களாகப் பிரித்துப்போடுகிறது. அப்படியே விட்டால் பச்சையம் வெளிச்சத்தில் செல்லுக்கே நஞ்சாகிவிடும். இலையின் புரதங்களிலுள்ள நைட்ரஜனைக் கிளைக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும் அடியில் கோடையெல்லாம் மறைந்திருந்த கரோட்டினாய்டுகள் என்ற நிறமிகள் வெளிப்படுகின்றன. பிர்ச்சின் மஞ்சள் இதுதான். செண்டுமல்லிக்கு நிறம் கொடுக்கும் லூட்டீனும் இந்தக் குடும்பம்தான்.

சிவப்பின் கதை வேறு. அது ஒளிந்திருந்த நிறமில்லை, புதிதாகச் செய்யப்படுவது. உதிரப்போகும் இலையில் மரம் சர்க்கரையைச் செலவழித்து ஆந்தோசயனின் என்ற நிறமியைத் தயாரிக்கிறது. நாவல்பழத்தின் ஊதாவும் இதே நிறமிதான். சாகப்போகும் இலைக்கு எதற்கு இந்தச் செலவு? 2001-இல் வெளியான கட்டுரையில் ஹாமில்ட்டன், பிரவுன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள்: பளிச்சென்ற நிறம் அசுவினிப் பூச்சிகளுக்கு மரம் விடுக்கும் எச்சரிக்கை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹோக் குழு வேறு வழியில் போனது. ஆந்தோசயனின் செய்ய முடியாத மரபுபிறழ்ந்த செடிகளைச் சாதாரணச் செடிகளோடு ஒப்பிட்டு 2003-இல் வெளியிட்டார்கள். நல்ல வெளிச்சத்தில் சிவக்காத இலைகளால் குறைவான நைட்ரஜனையே மீட்க முடிந்தது. ஒளிச்சேர்க்கை உறுப்புகள் கலைக்கப்படும் நேரத்தில் மிகை ஒளி இலையைச் சேதப்படுத்துகிறது. சிவப்பு அதற்குத் திரையாக நிற்கிறது. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். ஒளிச்சேர்க்கை இன்னும் முழுதாகத் தேறாத நம்மூர் மாந்தளிர் சிவந்து இருப்பதற்கும் ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் இந்த ஒளிக்காப்பும் ஒன்று.

பாதையோரத்து மேப்பிள் கிளையில் இதற்குச் சான்று போல ஓர் இலை இருந்தது. முழுக்கச் சிவப்பு, நடுவில் மட்டும் வெளிர்மஞ்சளாக, கூரான முனைகளோடு இன்னொரு இலையின் உருவம். மேலிருந்த இலையைச் சற்றுத் தூக்கி விட்டுப் பார்த்தோம். அது மறைத்திருந்த இடம் அப்படியே அச்சாகியிருந்தது. வெளிச்சம் படாத இடத்தில் சிவப்பு உருவாகவில்லை.

ஆற்றின் பழுப்புக்கும் ஊற்றுக்கண் தாவரங்களே. மேலே உள்ள சதுப்புகளில் சீடர், ஸ்புரூஸ், ஹெம்லாக் மரங்களின் உதிர்வுகள் ஊறி, அவற்றிலுள்ள டானின் என்ற பொருள் தண்ணீரில் இறங்குகிறது. அது நீல ஒளியை விழுங்கிவிடுவதால் மீதமுள்ள மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து பழுப்பாகின்றன. கரையில் விழும் மேப்பிள் இலையும் அந்த நிறத்தை நோக்கித்தான் போகிறது. ஆந்தோசயனின் நீரில் கரையும். செல் செத்துச் சவ்வு கிழிந்ததும் மழையில் முதலில் கழுவப்படுவது அதுதான். கரோட்டினாய்டுகள் கொழுப்பில் கரைபவை என்பதால் நீர் அவற்றை எளிதில் கொண்டுபோகாது. கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துச் சிதையும். மிஞ்சுவது டானினின் பழுப்பு. பாறைமேல் கிடக்கும் சிவப்பு இலையைப் பார்த்தால் நண்பர் அருவியைக்கூட விட்டுவிட்டு முதலில் அதைத்தான் எடுக்கிறார். மறுநாள் வந்தாலும் அருவி அங்கேயே இருக்கும். அந்தச் சிவப்பு பாதி ஆற்றோடு போயிருக்கும்.