வரிசையில் நிற்கும் வினாக்கள்

உயிர்களின் மரபுச் செய்தி நான்கே எழுத்துகளால் இயன்ற நீண்ட தொடராக அமைந்துள்ளது. ஓர் உயிரின் தொடரை மற்றோர் உயிரின் தொடரோடு இணையாக வைத்து, ஒத்த இடங்களையும் வேறுபட்ட இடங்களையும் காண்பதே தொடர் ஒப்பீடு எனப்படும்.

கேட்பதற்கு இஃது எளிதாகத் தோன்றும். ஆயின், ஆயிரம் எழுத்துடைய இரு தொடர்களை, நீடில்மன், வுன்ஷ் என்னும் அறிஞர் இருவர் 1970-இல் வகுத்த முறைப்படி ஒப்பிட, 10 இலட்சம் கட்டங்களை நிரப்புதல் வேண்டும். கோடிக்கணக்கான தொடர்களோடு ஒன்றை ஒப்பிடுவதாயின் என்னாகும்! 1990-இல் வெளிவந்த 'பிளாஸ்ட்' என்னும் மென்பொருள் இச்சுமையைக் குறைத்தது. அது சிறு துண்டுகள் ஒத்திருக்கும் இடங்களை முதலில் கண்டு, அங்கிருந்து இருபுறமும் ஒப்பீட்டை நீட்டிச் செல்கிறது.

அமெரிக்காவில் பெத்தெஸ்டா என்னும் ஊரிலுள்ள தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையம், இதனை உலகத்தார் அனைவரும் விலையின்றிப் பயன்படுத்த வழி செய்துள்ளது. ஆதலால் அங்கே கூட்டம் மிகுதி. கணிப்பொறி ஒவ்வொரு வினாவிற்கும் ஓர் அடையாள எண் தந்து, அதனை வரிசையில் நிறுத்துகிறது. சலவைக்குத் துணி கொடுத்தவர் சீட்டைக் காட்டித் துணியைப் பெறுவதுபோல, அவ்வெண்ணைக் காட்டி விடையைப் பெறலாம்.

ஆயினும், 'விடை வந்ததா?' என்று ஓயாது கேட்டல் ஆகாது. ஓர் எண்ணைக் குறித்து நிமிடத்திற்கு ஒருமுறைக்கு மேல் வினவலாகாது என்பது மையத்தின் விதி. ஒருநாளில் 100 தேடல்களுக்கு மேல் அனுப்புவோரின் வினாக்கள் மெதுவாகச் செல்லும் வரிசைக்கு மாற்றப்படலாம். ஐம்பதுக்கு மேற்பட்ட தேடல்களை வார இறுதியிலோ, அந்நாட்டுக் கிழக்குப் பகுதி நேரப்படி இரவு 9 மணி முதல் காலை 5 மணி வரையிலோ அனுப்புமாறு வேண்டுகின்றனர். அங்கே இரவு 9 மணியாகும்போது இங்கே பொழுது விடிந்திருக்கும். நம் ஆராய்ச்சியாளர்க்கு இவ்விதி இடையூறன்று.

இக்கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 2020 சனவரியில், புதிய கொரோனா வைரசின் ஏறத்தாழ 29,900 எழுத்துகள் வெளியிடப்பட்டன. பழைய தொடர்களோடு ஒப்பிட்டபோது, அது 2003-இல் பரவிய சார்ஸ் வைரசோடு நூற்றுக்கு ஏறத்தாழ 79 பங்கு ஒத்திருப்பது புலனாயிற்று. இத்தகைய அவசர வினா, ஒருவரே குவித்த ஆயிரம் வினாக்களின் பின்னே சிக்கி நிற்றல் தகுமோ?

வேலை மிகுதியாக உடையோர் இம்மென்பொருளைத் தம் கணிப்பொறியிலேயே நிறுவிக்கொள்ளலாம், அதற்கும் விலையில்லை. ஆனால் ஒரே பொறியைப் பலர் பயன்படுத்தும் ஆய்வகத்தில் வரிசை மீண்டும் தோன்றும். சிறு வேலையை முன்னே விடுவதா, வந்த முறைப்படி நடத்துவதா என்பதை அங்குள்ளோரே முடிவு செய்தல் வேண்டும்.