புதுப்பிக்கும் முன் கணக்குப் பாருங்கள்!

"மக்ளே, இத வாசிச்சு என்னன்னு சொல்லு" என்று அப்பா நீட்டியது, எங்கள் பழைய ஆல்ட்டோ காரின் இன்சூரன்ஸ் நோட்டீஸ். வீட்டில் இங்கிலீஷ் வாசிப்பவன் நான் ஒருத்தன்தான். போன வருஷத்தைவிட ஏறக்குறைய 1,900 ரூபாய் கூடுதல். ஏன்?

நண்பர்களே, பிரீமியத்தில் இரண்டு பகுதி உண்டு. முதலாவது, மூன்றாம் நபர் காப்பீடு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூன் 1-ல் அமலான பட்டியலில், 1000 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு 2,094 ரூபாய். எந்தக் கம்பெனியிலும் பேரம் கிடையாது. இரண்டாவது, சொந்தச் சேதக் காப்பீடு. 2007 முதல் இதன் விலை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாலு இடத்தில் விசாரிக்கலாம்.

எங்களுக்கு அடி விழுந்தது 'நோ கிளெய்ம் போனஸில்'. கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்கு, இரண்டாம் பகுதியில் 20 சதவீதம் தொடங்கி 50 வரை தள்ளுபடி உண்டு. போன வருஷம் தக்கலையில் ஒரு தூணில் முட்டி பம்பர் ஒடுங்கியது. செலவு 2,200. கட்டாயக் கழிவு 1,000 போக, கைக்கு வந்தது 1,200. அதனால் 3,200 ரூபாயில் பாதித் தள்ளுபடி போச்சு: 1,600. அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு! மறுபடி 50-ஐ எட்ட ஐந்து வருஷம் ஆகும்.

ஆகவே சின்ன அடிக்குக் கிளெய்ம் கேட்குமுன் கணக்குப் போடுங்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் போய்விடும். நம்ம பைக்குக்கும் இதே கதைதான்.

"இனிமே உன்ட்ட காட்டிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்றார் அப்பா.