படியின் உயரமும் பயணியின் தீர்ப்பும்

ஒரு பொருள் நன்றாக வடிவமைக்கப்பட்டிருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி அதை வரைந்தவருக்கும் தயாரித்தவருக்குமே உண்டு என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், அந்தத் தீர்ப்பை நாள்தோறும் வழங்கிக்கொண்டிருப்பவர்கள் அதைக் கையாளும் மக்களே. குடத்தின் வாய் கையை விட்டுத் தேய்க்கத் தோதாக இல்லை, குக்கரின் பிடி சுடுகிறது, குழாய்க்கடியில் வாளி நிற்க இடமில்லை என்று வீட்டிலும் தெருவிலும் சொல்லப்படுபவை வெறும் குறைகூறல்களாகக் கேட்கப்படுகின்றனவே தவிர, வடிவமைப்பு பற்றிய கருத்துகளாக எவராலும் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. வடிவமைப்பு என்பது ஒரு பொருளை யார், எந்த இடத்தில், எத்தகைய நிலையில் பயன்படுத்தப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே எண்ணி, அதன் அளவையும் உருவையும் முடிவு செய்யும் வேலை. அழகு அதன் ஒரு பகுதி மட்டுமே.

இந்தத் தீர்ப்பு மிக வெளிப்படையாக வழங்கப்படும் இடங்களில் ஒன்று சென்னையை அடுத்த திருவேற்காட்டின் பேருந்து நிறுத்தம். தேவி கருமாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில், குறிப்பாக ஆடி மாதத்தில், வயது முதிர்ந்த பெண்களும், இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக வரும் தாய்மார்களும் மிகுதி. அவர்களுக்கு ஒரு பேருந்தின் தரத்தை முடிவு செய்வது அதன் நிறமோ இருக்கையோ அன்று, தரையிலிருந்து முதற்படி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, கால் தூக்கி வைக்கும் அந்த நொடியில் பிடித்துக்கொள்ளக் கம்பி கைக்கெட்டுகிறதா என்பவைதான். நகரப் பேருந்துகள் தளத்தின் உயரத்தைக் கொண்டு 400, 650, 900 மில்லிமீட்டர் என வகைப்படுத்தப்படுகின்றன. 900 மில்லிமீட்டர் தளத்தை அடையப் படிகள் ஏறியாக வேண்டும். 400 மில்லிமீட்டர் தளம் கொண்ட தாழ்தளப் பேருந்திலோ வாசலில் படியே இல்லை, நிறுத்தத்தில் நிற்கும்போது அது ஒருபக்கமாகச் சற்றுத் தாழ்ந்துகொடுக்கவும் செய்யும், சாய்தளப் பலகையை விரித்தால் சக்கர நாற்காலியும் உள்ளே போகும்.

சென்னைக்குத் தாழ்தளப் பேருந்துகள் வேண்டும் என்ற கோரிக்கை சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சாலைகளின் குறுகலும் மழைக்காலத்தில் தேங்கும் நீரும் எல்லாத் தடங்களிலும் அவற்றை இயக்க இடம் தராது என்ற வாதமும் அங்கே முன்வைக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டிருந்தும், 58 புதிய தாழ்தளப் பேருந்துகள் சென்னைச் சாலைக்கு வந்தது 2024 ஆகஸ்டில்தான். சாலையைக் காரணம் காட்டும் வாதம் பொய்யானதன்று, ஆனால் அது பேருந்துக்கு எதிரான வாதமாவதைவிடச் சாலைக்கு எதிரான வாதமாகவே கொள்ளத்தக்கது. நடைபாதையின் விளிம்பை ஒட்டி நிற்காமல் நடுச்சாலையில் நிற்கும் தாழ்தளப் பேருந்தும் பயணியைப் பள்ளத்திலிருந்துதான் ஏறச்செய்கிறது என்பதால், பேருந்து, நிறுத்தம், சாலை ஆகிய மூன்றையும் ஒரே பொருளாக எண்ணி வடிவமைத்தால் ஒழிய முதற்படியின் சிக்கல் தீராது.

வீட்டுக்குள் இதே சிக்கல் வேறு உருவில் இருக்கிறது. ஒரே மாதிரியான ஐந்தாறு பொத்தான்கள் வரிசையாக அமைந்த ஸ்விட்ச் போர்டில் எது விளக்குக்கு, எது மின்விசிறிக்கு என்று தெரியாமல் விருந்தாளி எல்லாவற்றையும் அழுத்திப் பார்ப்பது எந்த வீட்டிலும் காணக்கூடியது. அமெரிக்க அறிவியலாளர் டொனால்ட் நார்மன், 1988-இல் அன்றாடப் பொருள்களைப் பற்றி எழுதி வெளியிட்ட நூலில், இயக்கும் பொத்தானின் இடத்துக்கும் இயங்கும் பொருளின் இடத்துக்கும் உள்ள உறவைப் பொருத்தம் என்ற கருத்தாக விளக்கினார்: விளக்குகள் இருக்கும் வரிசையிலேயே பொத்தான்களும் இருந்தால் மனம் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. அதைவிட முதன்மையான அவருடைய இன்னொரு கருத்து, பொருள் சரியாக அமையாதபோது மனிதர்கள் பொருளைக் குறைசொல்லாமல் தங்களையே நொந்துகொள்கிறார்கள் என்பது. வங்கியின் தானியங்கி இயந்திரத்தின் முன் தடுமாறும் முதியவர், தமக்குப் படிப்புப் போதவில்லை என்று சொல்லி அருகில் நிற்பவரிடம் அட்டையையும் ரகசிய எண்ணையும் ஒப்படைக்கும்போது, இயந்திரத்தின் குறை அவருடைய குறையாகப் பதிவாகிவிடுகிறது. இது வெறும் சங்கடத்தோடு முடிவதில்லை, அவருடைய பணத்துக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

பயன்படுத்துவோரின் நிலையைச் சரியாகக் கணித்த வடிவமைப்பு எத்தகைய மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதற்கு நல்ல சான்று, தமிழகத்தின் தெருக்களில் இன்றும் நிற்கும் அடிபம்பு. 1960-களின் வறட்சிக்குப் பின் கடும்பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் வேகமாகத் தோண்டப்பட்டபோது, அவற்றின் மேல் பொருத்தப்பட்டவை மேலை நாடுகளில் ஒரு குடும்பத்தின் தேவைக்காக உருவான வார்ப்பிரும்புப் பம்புகளின் நகல்கள். ஒரு வீட்டுக்கான கருவியை ஊரே விடியற்காலை முதல் இரவு வரை அடித்ததால் ஊசிகள் தேய்ந்தன, கைப்பிடிகள் முறிந்தன, பம்புகள் பெருமளவில் செயலிழந்து நின்றன. மக்கள் முரட்டுத்தனமாக அடிக்கிறார்கள் என்று பழியை அவர்கள் மேல் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதற்கு மாறாக, மகாராஷ்டிரத்தில் உருவான சோலாப்பூர் பம்பை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெஃப், இந்திய அரசு ஆகியவற்றின் முயற்சியில், சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனத்தின் பங்களிப்போடு 1970-களில் இந்தியா மார்க் 2 என்ற பம்பு உருவாக்கப்பட்டு, கோவைப் பகுதியின் ஆழமான கிணறுகளில் சோதிக்கப்பட்டது.

அதில் வார்ப்பிரும்புக்குப் பதில் பற்றவைத்த எஃகு, தேயும் ஊசிகளுக்குப் பதில் மூடிய பால் பேரிங், உள்ளே இறங்கும் கம்பி சாயாமல் நேராக ஏறி இறங்கும்படி கைப்பிடியின் வளைமுனையில் ஒரு சங்கிலி ஆகியவை அமைக்கப்பட்டன. கைப்பிடியே கனமான எஃகுத் தண்டாக இருந்ததால் அது கிணற்றுக்குள் தொங்கும் கம்பிகளின் எடையைச் சமன்செய்து, சிறுமியும் பாட்டியும் அடிக்கக்கூடியதாயிற்று. அப்படியும் ஒரு குறை நின்றது: உள்ளே தேயும் வாஷரை மாற்ற வேண்டுமானால் குழாய் முழுவதையும் வெளியே இழுக்க ஒரு குழுவும் கருவிகளும் வெளியூரிலிருந்து வந்தாக வேண்டும். இதையும் குறையென ஏற்று, குழாயை அசைக்காமலேயே பிஸ்டனை மட்டும் மேலே எடுத்துப் பழுதுபார்க்கும்படி மார்க் 3 உருவாக்கப்பட்டது. புகாரைத் தகவலாக எடுத்துக்கொண்ட வடிவமைப்பாளர்களின் இந்தப் பணிவு போற்றத்தக்கது.

எல்லா வேளையிலும் மக்களின் கருத்து ஒன்றாகவே இருக்கும் என்றும் சொல்வதற்கில்லை. மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒட்டிய சேலை கார்டை, வண்டியின் அழகைக் கெடுக்கிறது என்று கழற்றிவிடும் இளைஞரும், அதை நம்பிப் பின்னால் ஒருபக்கமாக உட்காரும் அவருடைய தாயாரும் ஒரே வண்டியைப் பற்றி இரு தீர்ப்புகள் சொல்கிறார்கள். பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதி, பின்னிருப்பவரின் ஆடை சிக்காதபடி மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 123-ஆம் விதி. இந்த வழக்கில் சட்டம் தாயாரின் பக்கம் நிற்கிறது, நிற்பதும் சரியே. அம்பத்தூரில் 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் போன்ற ஆலைகள் செய்யும் பெண்களுக்கான மிதிவண்டியில் மேல்கம்பி தாழ்த்தப்பட்டிருப்பதும், பாவாடையும் சேலையும் அணிந்தவர் ஏறி இறங்க வேண்டும் என்ற எண்ணத்தின் விளைவே. அழகு பற்றிய கருத்துக்கும் பாதுகாப்பு பற்றிய கருத்துக்கும் மோதல் எழும்போது, பொருள் தவறினால் யாருடைய உடல் அடிபடும் என்று பார்த்து அவருடைய சொல்லுக்கே கூடுதல் எடை தர வேண்டும்.

திருவேற்காடு நகராட்சியின் எல்லைக்குள் நிழற்குடை, கழிப்பறை, வடிகால் மூடி, குடிநீர்க் குழாய் என எது புதிதாக அமைந்தாலும், அதன் அளவுகள் முடிவாவதற்கு முன்பே அதைப் பயன்படுத்தப்போகிறவர்களிடம் கேட்பதற்குத் தனிச் செலவு எதுவும் பிடிக்காது. தமிழக நகர்ப்புறங்களில் 2022 முதல் பகுதி சபைகள் கூட்டப்பட்டு வருகின்றன. குப்பையும் தெருவிளக்கும் பேசப்படும் அந்தக் கூட்டங்களில், நிறுத்தத்தின் மேடை எத்தனை அங்குலம் உயர வேண்டும், கைப்பிடிக் கம்பி எங்கே வர வேண்டும் என்பதையும் வாசகர்கள் எழுந்து சொல்ல வேண்டும், அங்கே வர இயலாத முதியவர்களின் சொல்லையும் கேட்டு வந்து பதிவு செய்ய வேண்டும்.