கால்பந்துக்கு ஒரு குத்தகை!

2015 டிசம்பர் 20. கோவாவின் பட்டோர்டா ஸ்டேடியம். இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து இறுதிப் பந்தயம் நடந்துகொண்டிருக்கிறது. ஆட்டம் முடிய மூன்றே நிமிடம் இருக்கையில் கோவா கோஷ்டி 2-1 என்று முன்னேறிவிட்டது. உள்ளூர் ரசிகர்களின் ஆரவாரம் வானைப் பிளந்தது. "சென்னையின் கதை முடிந்தது" என்றே எல்லோரும் எண்ணினார்கள். ஆனால் நடந்தது வேறு. 90-வது நிமிடத்தில் ஒரு கோல். அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் மெண்டோசா இன்னொரு கோல்! 3-2 என்ற கணக்கில் கோப்பை சென்னையைச் சேர்ந்தது.

அந்த மாதம் சென்னை நகரமே வெள்ளத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. சொந்த ஊரில் ஆடவேண்டிய அரை இறுதிப் பந்தயத்தையே புனேயில் போய் ஆட நேர்ந்தது. வீடு வாசலை இழந்து நின்ற ஊருக்கு அந்தக் கோப்பை ஒரு சிறு ஆறுதல். இதில் ஒரு விந்தை என்னவென்றால், அந்தச் "சென்னையின்" கோஷ்டிக்கு அப்போது வயது இரண்டுகூட நிரம்பவில்லை!

பழைய கிளப், புதிய கோஷ்டி

கல்கத்தாவின் மோகன் பகான் கிளப் 1889-ல் பிறந்தது. 1911-ல் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடியே வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கோஷ்டியை வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைத் தட்டிக்கொண்டு வந்தது. அப்படிப்பட்ட கிளப் அங்கத்தினர்களின் சந்தாவில் வளர்ந்தது. தலைமுறை தலைமுறையாக ஊரோடு ஒட்டிக்கொண்டது. 1996-ல் தேசியக் கால்பந்து லீக்கும், அதன்பின் 2007-ல் ஐ லீக்கும் ஏற்பட்டபோது, ஆடியவற்றில் பல இத்தகைய கிளப்புகளே.

சூப்பர் லீக் கோஷ்டிகள் பிறந்த விதம் வேறு. அவை மைதானத்தில் பிறக்கவில்லை, பத்திரத்தில் பிறந்தன.

அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம் போதும். ஒருவருக்கு நிலம் இருக்கிறது. பயிரிடப் பணம் இல்லை. பணம் உள்ளவருக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார். இங்கே நிலச் சொந்தக்காரர், 1937-ல் ஏற்பட்ட அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம். குத்தகைதாரர், ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனம். 2010 டிசம்பர் 9-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. காலம் 15 ஆண்டுகள், தொகை ரூ.700 கோடி. டெலிவிஷன் ஒளிபரப்பு, விளம்பரம் முதலிய வர்த்தக உரிமைகளோடு, புதிய லீக் ஒன்றை நடத்தும் உரிமையும் குத்தகைதாரருக்குக் கிடைத்தது. லீக்கை நடத்தும் பொறுப்பு 'புட்பால் ஸ்போர்ட்ஸ் டெவலப்மெண்ட்' என்ற கம்பெனியிடம் வந்தது.

பஸ் பர்மிட் மாதிரி!

அடுத்த கட்டம் ஊர்களைப் பங்கிடுவது. ஒரு மார்க்கத்தில் பஸ் விடப் பர்மிட் வாங்குகிறோம் அல்லவா? அதுபோல, ஒரு நகரத்தின் பெயரில் கோஷ்டி நடத்தும் உரிமையை முதலாளிகள் பெற்றார்கள். இதற்குத்தான் 'பிராஞ்சைஸ்' என்று பெயர். கல்கத்தா, சென்னை, டில்லி, கோவா, கேரளம், மும்பை, புனே, வடகிழக்கு என எட்டுக் கோஷ்டிகளுடன் 2014 அக்டோபர் 12-ம் தேதி முதல் பந்தயம் கல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் தொடங்கியது. கல்கத்தா கோஷ்டியில் சவுரவ் கங்குலி, கேரளத்தில் சச்சின் டெண்டுல்கர், சென்னையில் அபிஷேக் பச்சனும் தோனியும் எனக் கிரிக்கெட்டும் சினிமாவும் கால்பந்துக்குக் கைகொடுத்தன.

முதலாளியின் கணக்குப் புத்தகத்தைச் சற்றுப் புரட்டுவோம். பர்மிட் கட்டணம், ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் சம்பளம், ஸ்டேடியம் வாடகை, பிரயாணச் செலவு, சிறுவர் கோஷ்டிப் பராமரிப்பு எல்லாம் செலவுப் பக்கம். வரவுப் பக்கத்தில் டிக்கெட் வசூல், சட்டையில் பெயர் போடும் விளம்பரதாரர் தரும் பணம், லீக்கின் பொதுப் பெட்டியிலிருந்து வரும் பங்கு. அந்தப் பொதுப் பெட்டிக்கு முக்கியமான ஊற்று டெலிவிஷன். வரவைச் செலவு விழுங்கிவிட்டது என்பதே ஆண்டுதோறும் முதலாளிகளின் புலம்பல்.

ஆட்டக்காரர்களைப் பிடிப்பதிலும் புதுமை இருந்தது. முதல் ஆண்டு இந்திய ஆட்டக்காரர்களைக் கோஷ்டிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுத்தன. 2015-ல் பத்து முன்னணி ஆட்டக்காரர்களுக்கு ஏலமே நடந்தது. சுனில் சேத்ரியை மும்பை ரூ.1.20 கோடிக்கு எடுத்தது. கூட்டத்தை இழுக்க டெல் பியரோ, பிரேஸ், எலானோ போன்ற உலகப் புகழ் பெற்றவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் களத்தில் நிற்கும் 11 பேரில் ஆறு பேர் அயல்நாட்டவராக இருக்கலாம். 2017-ல் அது ஐந்தாயிற்று, 2021-ல் நான்காயிற்று. நம் பையன்களுக்கு இடம் கிடைக்கவேண்டும் என்பதே இதன் நோக்கம்.

தோற்றாலும் பயமில்லை

இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் கடைசி மூன்று இடம் பிடிப்பவர்கள் கீழ் டிவிஷனுக்கு இறங்கவேண்டும். ஆகவே அங்கே கடைசி வாரம் வரையில் அடிவயிறு கலங்கும். இங்கோ, முதல் பதினொரு சீஸன்களில் யாரும் கீழே இறக்கப்படவில்லை. கடைசி இடம் வந்தாலும் பர்மிட் போகவில்லை. பணம் போட்ட முதலாளிக்கு இது பாதுகாப்பாக இருந்தது. ஆனால் ஆட்டத்தின் காரத்தை இது குறைத்தது என்ற குறையும் இருந்தது.

மேலே ஏறும் கதவு மட்டும் பிற்பாடு திறந்தது. ஐ லீக்கில் வென்ற பஞ்சாப் 2023-லும், பழம்பெரும் முகமதன் ஸ்போர்ட்டிங் 2024-லும் உள்ளே வந்தன. 2024-25 சீஸனில் 13 கோஷ்டிகள் ஆடின. ஒவ்வொன்றுக்கும் 24 பந்தயங்கள். முதலிடத்துக்குக் கேடயம், முதல் ஆறு இடத்தாருக்குள் நாக்-அவுட் ஆட்டம் நடத்திக் கோப்பை. அந்த ஆண்டு மோகன் பகான் இரண்டையும் வென்றது.

பர்மிட் முறையில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. பஸ்ஸை வேறு மார்க்கத்துக்குத் திருப்பிவிடலாமே! 2019-ல் டில்லி கோஷ்டி புவனேசுவரத்துக்குக் குடிபெயர்ந்து ஒடிசா ஆயிற்று. அதே ஆண்டு புனே கோஷ்டி மூடப்பட்டு, அதன் இடத்தில் ஐதராபாத் வந்தது. அந்த ஐதராபாத் 2022-ல் கோப்பையையே வென்றது. 2025-ல் அதுவும் டில்லிக்குப் போய்விட்டது. முதலாளி இடம் மாற்றலாம். கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு காலரியில் தொண்டை கிழியக் கத்தினானே, அந்த ரசிகன் எந்த ஊருக்குக் குடிபோவான்?

குத்தகை முடிந்தது

15 ஆண்டுக் குத்தகை 2025 டிசம்பர் 8-ல் முடிவதாக இருந்தது. புதுப்பிப்பதில் இழுபறி. சம்மேளனத்தின் சட்டதிட்டம் பற்றிய வழக்கோ சுப்ரீம் கோர்ட்டில். "அடுத்த சீஸனை நிறுத்திவைக்கிறோம்" என்று 2025 ஜூலையில் கம்பெனி அறிவித்தது. சில கோஷ்டிகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தின. பிறகு சம்மேளனம் டெண்டர் விட்டது. ஒரு டெண்டர்கூட வரவில்லை!

நிலச் சொந்தக்காரரும் குத்தகைதாரரும் பேசிக்கொண்டேயிருக்க, ஏர் பிடித்தவன் வரப்பில் நின்றான். 2026 ஜனவரித் தொடக்கத்தில் சுனில் சேத்ரி முதலான ஆட்டக்காரர்களே உலகக் கால்பந்து சம்மேளனத்திடம் முறையிட்டார்கள். சில நாட்களில் மத்திய விளையாட்டு மந்திரி தலையிட்டார். 14 கோஷ்டிகளுடன் பிப்ரவரி 14-ல் லீக் தொடங்கும் என்று அறிவித்தார். ஒருவரோடொருவர் ஒருமுறை மட்டும் மோதும் சுருக்கமான சீஸன், 91 பந்தயங்கள்.

கால்பந்து ஆட்டக்காரனின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு சீஸன்தான். அதில் ஐந்து மாதம் வீணானால் திருப்பித் தர யாராலும் முடியாது. பணம் இல்லாமல் லீக் நடக்காது, முதலாளி தேவைதான். ஆனால் அடுத்த பத்திரம் எழுதும்போது ஆட்டக்காரனுக்கும் ரசிகனுக்கும் அதில் ஒரு வரி இருக்கட்டும். வெள்ளம் வடியாத ஊருக்குக் கோப்பை கொண்டுவந்தவர்கள் ஆட்டக்காரர்கள்; அதைத் தங்கள் கோப்பை என்று கொண்டாடியவர்கள் ரசிகர்கள். பத்திரத்தில் இருவருடைய கையெழுத்துக்கும் அன்று இடம் இருக்கவில்லை!