சேரன்மாதேவிக் குருகுலம்

கல்விச்சாலைகள் இருவகைப்படும். பகற்பொழுதிற் சென்று பாடங்கேட்டு மாலையில் வீடு திரும்பும் பள்ளி ஒன்று. ஆசிரியரும் மாணாக்கரும் ஓரிடத்தே உறைந்து, உண்டு, உறங்கிக் கல்வி பயிலும் பள்ளி மற்றொன்று. முன்னதில் ஆசிரியர் மட்டுமே கற்பிக்கின்றார். பின்னதிலோ கிணற்றடியும் அடுக்களையும் பந்தியுங்கூட ஆசிரியராய் நின்று கற்பிக்கின்றன. வகுப்பறை கற்பிப்பதும் பந்தி கற்பிப்பதும் தம்முள் மாறுபடுமாயின், மாணாக்கன் உள்ளத்தில் நிலைப்பது எது? இவ்வினாவிற்கு விடை தரும் ஒரு பள்ளியின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

விருதுநகரை அடுத்த எம் சூலக்கரையைக் கடந்து, சாத்தூர், கோவிற்பட்டி வழியாகத் தெற்கே செல்லும் பெருவழி திருநெல்வேலியை அடைகின்றது. அங்கிருந்து தாமிரவருணியை ஒட்டி மேற்கே செல்வார்க்குச் சேரன்மாதேவி எதிர்ப்படும். கரிசற் காட்டையே கண்டு பழகிய எம்மனோர் கண்களுக்கு அவ்வூரின் வயலும் வாழைத் தோட்டமும் ஒரு விருந்தாகும். நூறாண்டுகளுக்கு முன் அவ்வூரில் ஒரு குருகுலம் இருந்தது. அதனை நிறுவியவர் வ. வே. சு. ஐயர்.

ஐயர் 1881ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த வரகனேரியிற் பிறந்தார். சட்டம் பயில இலண்டன் சென்று, ஆங்கு விடுதலை வேட்கை கொண்ட இளைஞரோடு சேர்ந்து, அரசினர் பிடியினின்று தப்பி 1910இல் புதுச்சேரியை அடைந்தார், பாரதியாருக்கு நண்பரானார். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சிறுகதை என்னும் இலக்கிய வகைக்குத் தமிழில் வழிகாட்டினார். பின்னர்த் 'தேசபக்தன்' ஆசிரியராயிருந்து சிறைப்பட்டபோது, பெல்லாரிச் சிறையிலிருந்தே கம்பன் காவியத்தை ஆங்கிலத்தில் ஆராய்ந்து எழுதினார். வீரமும் புலமையும் ஒருங்கே அமைந்தவர் அவர் என்பதில் ஐயமில்லை.

சிறை நீங்கிய ஐயர் உள்ளத்தில் ஒரு கல்விச்சாலை உருப்பெற்றது. ஒத்துழையாமை இயக்கத்தின் காலம் அது. அரசினர் பள்ளிகளை விட்டு வெளியேறுமாறு இளைஞரை அழைத்தவர்கள், அவர்களுக்கு வேறு பள்ளி காட்டவேண்டிய கடமையும் உடையராயினர். ஆகவே 1922ஆம் ஆண்டில் கல்லிடைக்குறிச்சியில் ஐயர் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். அது பின்னர்ச் சேரன்மாதேவிக்கு மாற்றப்பெற்றது. பரத்துவாச ஆசிரமம் என்பது அவ்விடத்திற்கு அவர் இட்ட பெயர். உயர்தரப் பள்ளிகளில் ஆங்கிலமே ஆட்சி செலுத்திய அந்நாளில், அங்கே தமிழ் வாயிலாகப் பாடங்கள் கற்பிக்கப்பட்டன. நூற்கல்வியோடு உடற்பயிற்சியும் கைத்தொழிலும் பயிற்றப்பட்டன. 'பால பாரதி' என்னும் திங்கள் இதழையும் ஐயர் நடத்தினார். அரசினர் பொருளை நாடாத பள்ளியாதலின், நாட்டு மக்களின் நன்கொடையே அதற்கு வேராயிற்று. பல சாதியாரும் பொருள் உதவினர். தமிழ்நாட்டுக் காங்கிரசுக் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தர இசைந்து, முதற்கண் ஐயாயிரம் அளித்தது.

இத்துணை நல்ல முயற்சிக்கு இடையூறு விளைந்தது பாடத்தாலன்று, பந்தியாலேயாம். பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியிடத்தில் உணவு படைக்கப்பட்டது. அவர்தம் பெற்றோர் அந்நிபந்தனையின் மேலேயே பிள்ளைகளைச் சேர்த்தனர் என்றும், தாம் வாக்களித்துவிட்டமையால் அதனை மீறலாகாது என்றும் ஐயர் கூறினார். அவரோ எல்லாரோடும் அமர்ந்து உண்ணும் இயல்பினர். ஆயினும், தனியே உண்ணும் இருவரை நாள்தோறும் காணும் ஏனைய சிறுவர் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் விளங்கிய ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே பயின்றான் என்றும், அச்சிறுவன் சொல்லியே செய்தி வெளிப்பட்டது என்றும் கூறுவர்.

செய்தி பரவவே நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. டாக்டர் பெ. வரதராசலு நாயுடு தம் 'தமிழ்நாடு' இதழில் இதனைக் கண்டித்து எழுதினார். ஈ. வெ. இராமசாமிப் பெரியார் எஞ்சிய ஐயாயிரத்தைத் தரலாகாதெனத் தடுத்தார். பொதுமக்கள் பணத்தால் நடக்கும் தேசியப் பள்ளியில் பிறப்பால் வேற்றுமை காட்டலாமோ என்பதே அவர்கள் வினா. 1925இல் தமிழ்நாட்டிற்கு வந்த காந்தியடிகள், முன்னமே சேர்ந்த அவ்விருவர் மட்டில் வாக்கைக் காக்கலாம் என்றும், இனிச் சேர்வோர்க்கு அத்தகைய சலுகை கூடாதென்றும் சமரசம் கூற முயன்றார். அதனால் பூசல் தணியவில்லை. பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாதென்னும் தீர்மானத்தை எஸ். இராமநாதன் கொணர, கமிட்டி அதனை ஏற்றது. இராசாசி முதலிய சிலர் கமிட்டியை விட்டு விலகினர். ஐயரும் குருகுலப் பொறுப்பைத் துறந்தார். அவ்வாண்டு சூன் திங்களில், பாவநாச அருவியில் வீழ்ந்த தம் மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்து, மகளோடு தாமும் உயிர் நீத்தார். நவம்பரில் நிகழ்ந்த காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். இரண்டு இலைகள் தனியே இடப்பட்டமையால் விளைந்த பிளவு இத்துணைப் பெரிதாயிற்று.

ஐயரைப் பழிப்பது எம் கருத்தன்று. வாக்குத் தவறாமை ஓர் அறமே. ஆயின், அவ்வாக்கு இரு பெற்றோர்க்குக் கொடுத்தது. பள்ளியில் சேர்ந்த ஒவ்வொரு சிறுவனுக்கும், 'நீயும் இவ்வீட்டுப் பிள்ளை' என்று சொல்லாமற் கொடுத்த வாக்கு ஒன்று உண்டன்றோ! இரண்டு வாக்குகள் முரண்பட்டபோது, எளியோர்க்குக் கொடுத்த வாக்கே விடப்பட்டது. இதுவே அப்பெரியார் செய்த பிழை எனத் துணிகின்றோம்.

இது பிறர் வீட்டுக் கதையென்று கிறிஸ்தவராகிய நாம் வாளாவிருத்தல் இயலாது. அந்தியோகியாவில் புறவினத்தாரோடு உண்டிருந்த பேதுரு, தம் இனத்தார் வந்தவுடன் அஞ்சி விலகியதையும், பவுல் அவரை முகத்துக்கு நேரே கடிந்ததையும் நம் மறை மறையாது கூறுகின்றது. தமிழ்நாட்டுத் திருச்சபையிலும் சாதி பற்றி வேறுவேறாக அமரும் வழக்கம் இருந்தது. 1833இல் பேராயர் தானியேல் வில்சன் அதனை ஒழிக்குமாறு சுற்றுமடல் விடுத்தபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் சபையார் பலர் எதிர்த்து நின்றனர். ஆண்டவருடைய பந்தியிலேயே வேற்றுமை பாராட்டியவர்களின் வழித்தோன்றல்கள், சேரன்மாதேவிப் பந்தியைக் கண்டு நகைத்தல் தகுமோ?

சேரன்மாதேவி கிளப்பிய வினாவிற்கு விடையொன்று எம் விருதுநகர்ப் பக்கத்திலிருந்தே பின்னாளில் வந்தது. அக்கிளர்ச்சிக் காலத்தில் காமராசர் இருபது வயதைக் கடந்த ஒரு தொண்டர். வைக்கத்தில் நிகழ்ந்த தெருவுரிமைப் போரிலும் கலந்துகொண்டவர். இளமையிலேயே பள்ளிப்படிப்பை நிறுத்த நேர்ந்த அவர், முதலமைச்சரான பின் 1956ஆம் ஆண்டில் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பசியாற்றுவதே அதன் நோக்கம் எனினும், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒருங்கே அமர்ந்து உண்ணும் பழக்கம் சிற்றூர்களிலும் பரவ அது வழிசெய்தது. குருகுலம் தவறவிட்ட பாடத்தைச் சத்துணவுக் கூடங்கள் இன்றும் நடத்துகின்றன. அப்பாடம் இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதும் உண்மையே.

நம் கல்லூரி விடுதியிலும் நாள்தோறும் மணி அடிக்கின்றது, தட்டேந்திச் செல்கின்றோம். அங்கே யார் அருகில் அமர்கின்றோம், யாரைக் கண்டு ஒதுங்குகின்றோம் என்பதை எவரும் தேர்வில் வினவப்போவதில்லை. எனினும், ஈண்டுப் பெற்ற கல்வி இன்னதென்று நம்மைக் கண்டார் பிற்காலத்தில் அறிவது அதனைக் கொண்டேயாம். ஆதலின் தோழர்காள், நாளை உணவுக்கூடத்துள் நுழையும்போது சேரன்மாதேவியை ஒருகால் நினைமின். இதுவரை அருகில் அமராத ஒருவர் பக்கத்தில் சென்று அமர்மின்.